பிளசென்டா அக்ரீட்டா: அறுவைச் சிகிச்சை

பிளசென்டா அக்ரீட்டா என்பது நஞ்சுக்கொடி கருப்பைச் சுவரில் ஆழமாகப் பற்றிக்கொண்டு, குழந்தை பிறந்த பின்னும் கழன்று விழாத நிலை. முந்தைய சிசேரியன் தழும்பு உள்ள இடத்தில் கருப்பையின் உட்சவ்வு சரிவர வளராது; அங்கே படியும் நஞ்சுக்கொடி நேரே தசையைப் பிடித்துக்கொள்ளும். தசைக்குள் புகுந்தால் இன்க்ரீட்டா. தசையைத் துளைத்து வெளியுறை வரையோ, சிறுநீர்ப்பை வரையோ போனால் பெர்க்ரீட்டா.

சிசேரியன்கள் கூடக்கூட ஆபத்தும் ஏறுகிறது. நஞ்சுக்கொடி கருப்பை வாயை மறைத்திருந்த பெண்களில், முதல் சிசேரியனின்போது 3 விழுக்காட்டினருக்கும், இரண்டாவதில் 11, மூன்றாவதில் 40 விழுக்காட்டினருக்கும் இந்நிலை இருந்ததை 2006இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது.

நிறைமாதத்தில் கருப்பைக்கு நிமிடத்துக்குச் சுமார் 600 மில்லி ரத்தம் பாய்கிறது. நஞ்சுக்கொடி விழுந்ததும் தசை சுருங்கி ரத்தக்குழாய்களை இறுக்கிவிடும். ஒட்டிய கொடியைக் கையால் பிய்த்தால் அந்த இறுக்கம் கிடைக்காது. சில நிமிடங்களில் தாயின் உயிர் ஊசலாடும். எனவே பிய்க்காமல் இருப்பதே இந்த அறுவையின் முதல் விதி.

முன்பே தெரிந்திருந்தால், பெரும்பாலும் 34 முதல் 36 வாரத்துக்குள் நாள் குறிக்கிறார்கள். கொடி இல்லாத இடத்தில் கருப்பையைத் திறந்து குழந்தையை எடுத்து, தொப்புள்கொடியைக் கட்டி, நஞ்சுக்கொடியைத் தொடாமலே கருப்பையோடு சேர்த்து அகற்றுவதுதான் வழக்கமான முறை. சிசேரியனோடு கருப்பையையும் எடுத்து ரத்தப்போக்கை நிறுத்தும் வழியை 1876இல் இத்தாலியின் பவியா நகரில் எதுவார்தோ பொர்ரோ செய்து காட்டினார். அந்தத் தாய் பிழைத்தார்.

இன்னும் குழந்தை வேண்டும் என்பவர்களுக்கு, ஒட்டிய பகுதியை மட்டும் வெட்டி எடுத்துத் தைக்கலாம். பாதிப்பு சிறிதாக இருந்தால் இது நல்ல வழி. நஞ்சுக்கொடியை உள்ளேயே விட்டு, தானே கரைய மாதக்கணக்கில் காத்திருப்பதும் உண்டு. ஆனால் கிருமித்தொற்றோ திடீர் ரத்தப்போக்கோ வந்து, கடைசியில் கருப்பையை எடுக்க நேரலாம்.

எதிர்பாராமல் ரத்தம் பெருகினால் வயிற்றுப் பெருந்தமனியைக் கையால் அழுத்துவது, பலூன் வைத்து அடைப்பது, கருப்பையை இறுக்கிக் கட்டும் பி-லிஞ்ச் தையல் ஆகியவை அவகாசம் வாங்கித் தரும். இடுப்பின் உட்தமனிகளைக் கட்டினால் ஓட்டம் குறையுமே தவிர நிற்காது. இவற்றுக்கும் அடங்காவிட்டால் கருப்பையை எடுக்கத் தயங்கக் கூடாது. இங்கே தாமதம்தான் உயிரைப் பறிக்கிறது.

சிசேரியன் செய்துகொண்டவர்கள் மீண்டும் கருவுற்றால், ஐந்தாம் மாத ஸ்கேனில் நஞ்சுக்கொடி பழைய தழும்பின் மேல் இருக்கிறதா என்று மருத்துவரிடம் கேளுங்கள். இருந்தால், ரத்த வங்கி வசதியுள்ள பெரிய மருத்துவமனையில் பிரசவத்துக்கு முன்னதாகவே பதிவு செய்துகொள்ளுங்கள்.