கிழக்கிலங்கையின் குடிசன மதிப்பும் இன விகிதாசார வழக்கும்

இலங்கையின் கிழக்கு மாகாணம் திருகோணமலை, மட்டக்களப்பு, அம்பாறை என்னும் 3 மாவட்டங்களைக் கொண்டது. தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் ஆகிய மூன்று சமூகத்தாரும் பெருந்தொகையாக வாழும் இம்மாகாணத்தில் இன்று எவருக்கும் தனிப்பெரும்பான்மை இல்லை. நிலம், தேர்தல் தொகுதி, அதிகாரப் பகிர்வு ஆகிய மூன்றும் இன விகிதாசாரத்தோடு பிணைந்து கிடப்பதால், அங்கே எடுக்கப்படும் ஒவ்வொரு குடிசன மதிப்பும் (மக்கள்தொகைக் கணக்கெடுப்பும்) ஓர் அரசியல் ஆவணமாகவே வாசிக்கப்பட்டு வந்துள்ளது. ஓர் இனம் பெருகியது அல்லது சுருங்கியது என்று சொல்வதற்கு முன், அந்த மாற்றத்தில் பிறப்புக்கு எவ்வளவு, குடியேற்றத்துக்கு எவ்வளவு, மாவட்ட எல்லைக்கு எவ்வளவு, பதிவேட்டில் எழுதப்பட்ட இனப்பெயருக்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க வேண்டும். அப்படிப் பிரித்தால், நூறாண்டுச் சண்டையில் பெரும்பகுதி எண்களைப் பற்றியதாக இல்லாமல், எண்களைப் பிறப்பித்த அரசுத் தீர்மானங்களைப் பற்றியதாகவே இருப்பது தெரியவரும்.

வகுப்புப் பெயர்களின் வரலாறு

இலங்கையின் முதல் நவீனக் குடிசன மதிப்பு 1871இல் நடந்தது. 1901 மதிப்பை நடத்தி அறிக்கை எழுதியவர் பொன்னம்பலம் அருணாசலம். அக்காலத்தில் கணக்கெடுப்பு ஒரு தமிழரின் பொறுப்பிலேயே இருந்தது. 1911இல்தான் தமிழர் என்ற ஒரே வகுப்பு இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என இரண்டாகப் பிரிக்கப்பட்டது. தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி, சேலம், மதுரை முதலிய மாவட்டங்களிலிருந்து தேயிலைத் தோட்டங்களுக்குப் போனவர்களும் அவர்கள் வழிவந்தவர்களும் இரண்டாம் வகுப்பில் அடங்கினர். முஸ்லிம்களின் வகுப்பும் சர்ச்சைக்குத் தப்பவில்லை. அவர்கள் இனத்தால் தமிழரே என்று 1888இல் பொன்னம்பலம் ராமநாதன் வாதிட்டார். அதை மறுத்து 1907இல் ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் எழுதினார். தமிழ் பேசும் முஸ்லிம்களைத் தனி இனமாக எண்ணுவதா, தமிழ் பேசுவோர் தொகையில் சேர்ப்பதா என்பதைப் பொறுத்துக் கிழக்கின் பெரும்பான்மையே மாறிவிடும். 1981இல் தமிழர் 42 சதவீதம், முஸ்லிம்கள் 32 சதவீதம். இருவரையும் சேர்த்தால் தமிழ் பேசுவோர் ஏறக்குறைய முக்கால் பங்கு, பிரித்தால் எவரும் பாதியை எட்டவில்லை.

வகுப்புப் பெயரால் மட்டுமே எண் எவ்வளவு மாறும் என்பதற்கு 1971க்கும் 1981க்கும் இடைப்பட்ட நாடு தழுவிய கணக்கு சான்று. அந்தப் 10 ஆண்டில் நாட்டின் மக்கள்தொகை சுமார் 17 சதவீதம் கூடியது. இந்தியத் தமிழரோ 11.75 லட்சத்திலிருந்து 8.19 லட்சமாகக் குறைந்தனர். இலங்கைத் தமிழர் 14.24 லட்சத்திலிருந்து 18.87 லட்சமாக, அதாவது சுமார் 32 சதவீதம், உயர்ந்தனர். நாடு 17 சதவீதமே வளர்ந்தபோது பிறப்பு விகிதம் மட்டுமே இப்படியொரு பாய்ச்சலைத் தந்திராது. 1964ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தப்படி பெருந்தொகையினர் தமிழகத்துக்கு அனுப்பப்பட்டார்கள். இருந்தவர்களில் கணிசமானோர், 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்ட கசப்புக்குப் பின், தங்களை இலங்கைத் தமிழர் என்றே பதிந்துகொண்டார்கள். இந்த இரண்டையும் தள்ளிவிட்டு 32 சதவீதத்தை மட்டும் எடுத்துக்காட்டித் தமிழர் பெருக்கம் என்று அஞ்சுவதும், 8.19 லட்சத்தை மட்டும் காட்டி இந்தியத் தமிழராகிய மலையகத் தமிழரின் அழிவு என்று புலம்புவதும் ஒரே பிழையின் இரு முகங்கள்.

நீரும் நிலமும்

1881இல் கிழக்கு மாகாணத்தின் மொத்த மக்கள்தொகை சுமார் 1.28 லட்சம். அவர்களில் தமிழர் 59 சதவீதம், முஸ்லிம்கள் 34 சதவீதம், சிங்களவர் 5 சதவீதத்துக்கும் குறைவு. 1921 வரை சிங்களவர் பங்கு பெரிதாக அசையவில்லை, 1946இல் 8.4 சதவீதம் ஆயிற்று. 1981இல் அது 25 சதவீதம். எண்ணிக்கையில் சொன்னால், 35 ஆண்டில் சுமார் 23 ஆயிரத்திலிருந்து 2.44 லட்சமாக, ஏறத்தாழ 10 மடங்கு. அதே காலத்தில் கிழக்கின் தமிழரும் முஸ்லிம்களும் ஏறக்குறைய 3 மடங்கே பெருகினர். நாடு முழுவதிலும் சிங்களவர் இரண்டரை மடங்கைக்கூட எட்டவில்லை. ஆகவே கிழக்கின் அந்தப் 10 மடங்கு பிறப்பால் மட்டும் வந்ததன்று, பெரும்பாலும் குடியேற்றத்தால் வந்தது.

அந்தக் குடியேற்றம் பாசன வாய்க்கால் வழியே நடந்தது. 1949இல் பிரதமர் டி.எஸ். சேனநாயக்க காலத்தில், இன்றைய அம்பாறைப் பகுதியில் கல்லோயா அபிவிருத்திச் சபை அமைக்கப்பட்டது. திருகோணமலை மாவட்டத்தில் கந்தளாய், அல்லை திட்டங்களும் செயற்பட்டன. கல்லோயா இடதுகரை வாய்க்காலின் தலைப்பகுதியில் பெரும்பாலும் சிங்களக் குடியேறிகளும் கடைமடையில் தமிழ் விவசாயிகளும் அமர்ந்தார்கள். தண்ணீர் தலைமடையில் நின்றுபோனால் கடைமடைக்காரன் படும் பாடு தமிழகத்தின் காவிரி டெல்டாவிலுள்ள குத்தாலத்து மிராசுதாரருக்கும் குத்தகைதாரருக்கும் விளக்கத் தேவையில்லாத சங்கதி. அந்த டெல்டாவிலும் 1934இல் மேட்டூர் அணையும் கல்லணைக் கால்வாயும் வந்தபின் ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கத்து வானம் பார்த்த பூமி நஞ்சையானது. புதுத் தண்ணீர் புதுக் குடிகளைக் கொண்டுவருவது இயல்பே. ஆனால் கல்லோயாவில் அந்தக் குடிகளைத் தேர்ந்தெடுத்துக் காணி கொடுத்தது அரசு. அதனால் யாருக்குக் காணி என்ற கேள்வி அரசியல் கேள்வியாயிற்று. 1956 ஜூனில் கல்லோயாவில் வெடித்த இனக்கலவரமும், குடியேற்றத்தை நேரடியாகத் தொட்ட பிரதமர் பண்டாரநாயக்க தமிழர் தலைவர் செல்வநாயகத்தோடு 1957இல் செய்த ஒப்பந்தமும், டட்லி சேனநாயக்க அவரோடு 1965இல் செய்த ஒப்பந்தமும் இதன் தொடர்ச்சி.

எல்லைக் கோடுகள்

1961இல் மட்டக்களப்பு மாவட்டத்தின் தென்பகுதி பிரிக்கப்பட்டு அம்பாறை மாவட்டம் பிறந்தது. 1981 கணக்கில் மட்டக்களப்பில் தமிழர் 70 சதவீதத்துக்கு மேல், அம்பாறையில் சுமார் 20 சதவீதம். பழைய மட்டக்களப்பையும் புதிய மட்டக்களப்பையும் பெயர் ஒற்றுமையால் ஒப்பிடுகிறவர், யாரும் பிறக்காமலும் இடம்பெயராமலும் ஒரு பெருக்கத்தைக் கண்டுபிடித்துவிடுவார். குத்தாலமும் இதற்கு உதாரணம்: அவ்வூர் தஞ்சாவூர் மாவட்டத்தில் இருந்தது, 1991இல் நாகப்பட்டினத்துக்குப் போனது, 2020இல் மயிலாடுதுறையோடு சேர்ந்தது. 1981ஆம் ஆண்டுத் தஞ்சாவூரையும் 2011ஆம் ஆண்டுத் தஞ்சாவூரையும் தாலுகா வாரியாகத் திருத்தாமல் ஒப்பிட்டால் டெல்டா பாதி காலியாகிவிட்டதாகவே தோன்றும்.

மறுப்புகளும் விடைகளும்

மாகாண எல்லையே 1833இல் பிரிட்டிஷார் போட்ட கோடு, அதன் உட்பகுதி கண்டி அரசுக்கு உரியதாக இருந்தது, ஆட்கள் அருகிய காட்டைத்தான் திருத்தினோம் என்பது சிங்களத் தரப்பின் வாதம். இதில் உண்மை உண்டு. எல்லைகள் பலமுறை மாறின. தமன்கடுவை 1873இல் கிழக்கிலிருந்து வடமத்திய மாகாணத்துக்குப் போனது. மலேரியா ஒடுக்கப்பட்ட பிறகு நெருக்கடியான ஈரவலயத்திலிருந்து உலர்வலயத்துக்கு மக்களை அனுப்புவதற்குப் பொருளாதாரக் காரணமும் இருந்தது. எனினும் நோக்கம் நல்லதாக இருந்ததாலேயே விளைவு இல்லாமற்போகாது. அரசு கொடுத்த காணியால் அண்டை மக்களின் வாக்குப் பலம் குறைந்தபோது, அவர்களைக் கலந்து பேசும் கடமை அரசுக்கு இருந்தது. பண்டாரநாயக்க, டட்லி என்னும் இருவரும் கையெழுத்திட்டு ஒப்புக்கொண்ட கடமை அது. ஒப்பந்தங்கள் நிறைவேறாமற்போனதே குறை.

கணக்கெடுப்பு பெரும்பான்மை அரசின் கையில் இருப்பதால் அதை நம்பவே கூடாது என்பது தமிழ்த் தரப்பில் எழும் வாதம். தமிழரின் முறையீட்டுக்கு மிக வலுவான சான்று அதே கணக்கெடுப்புதான் என்பதை இவ்வாதம் மறந்துவிடுகிறது. உள்நாட்டுப் போரால் 1991இல் கணக்கெடுப்பே நடக்கவில்லை. 2001இல் மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் முழுமையாக நடக்கவில்லை. 2012இல் நடந்தபோது கிழக்கில் தமிழர் 39.8, முஸ்லிம்கள் 36.7, சிங்களவர் 23.1 சதவீதம் என்று வந்தது. சிங்களவர் பங்கு 1981ஐ விடக் குறைவு. எண்களை ஆள்வோர் இஷ்டத்துக்கு எழுதியிருந்தால் இது நடந்திராது.

முஸ்லிம்கள் அளவுக்கு மீறிப் பெருகுகிறார்கள் என்ற பேச்சு இரு தரப்பிலும் கேட்கிறது. 1946இல் கிழக்கில் 39 சதவீதமாக இருந்த முஸ்லிம்கள் 1981இல் 32 சதவீதமாகக் குறைந்ததை அப்பேச்சு சொல்வதில்லை. 1981க்குப் பின் அவர்கள் பங்கு ஏறியதில் பிறப்பு விகிதத்துக்கும் இடம் உண்டு. ஆனால் அதே 30 ஆண்டில் தமிழர் பெருந்தொகையாகக் கொல்லப்பட்டார்கள், தமிழக முகாம்களுக்கும் மேல்நாடுகளுக்கும் போனார்கள். ஒரு பங்கு ஏறுவதற்கு மற்றொரு சமூகத்தின் இழப்பே போதும்.

இன்றைய பொருத்தம்

1987 இந்திய-இலங்கை ஒப்பந்தம் வடக்கு, கிழக்கு மாகாணங்களைத் தற்காலிகமாக இணைத்து, அந்த இணைப்பு நீடிப்பதைக் கிழக்கின் பொதுவாக்கெடுப்புக்கு விட்டது. வாக்கெடுப்பு நடக்காமலே 2006இல் இலங்கை உச்ச நீதிமன்றம் இணைப்பைச் செல்லாததாக்கியது. ஒரு மக்களின் உரிமையைச் சதவீதத்தில் தொங்கவிட்டால், அண்டைவீட்டுக் குழந்தையும் அச்சமூட்டும் எண்ணாகிவிடும் என்பதே இந்த வரலாறு தரும் பாடம். தமிழகத்துக்கும் இது அந்நியப் பாடமன்று: மாநிலங்களுக்கான மக்களவை இடங்களின் பங்கு 1971 கணக்கில் நிறுத்தப்பட்டிருப்பதும், 2027 கணக்கெடுப்பில் சாதியும் எண்ணப்படவிருப்பதும் இதே வழக்கை இங்கும் எழுப்பும். வரும் எண்களை எல்லை திருத்தி, வகுப்பு விளக்கி, வந்தவர்களையும் போனவர்களையும் தனியே காட்டி வெளியிடுவது கணக்கெடுப்போரின் கடமை. அப்படி வெளியிடாத எண்ணை வைத்து எந்தச் சமூகத்தின் மீதும் பழி சுமத்த மறுப்பது வாசகரின் கடமை.