குறிப்புச் சட்டகம் திரைக்கு வந்த கதை

தமிழ்த் தேர்வில் கட்டுரை எழுதிய எவருக்கும் குறிப்புச் சட்டகம் தெரியும். தலைப்பை எழுதி, அதன் கீழே முன்னுரையில் தொடங்கி முடிவுரை வரை சில சொற்களை ஒன்றன்கீழ் ஒன்றாக வரிசைப்படுத்திவிட்டுத்தான் கட்டுரைக்குள் நுழைய வேண்டும் என்பது விதி. கட்டுரையை முதலில் எழுதி முடித்துவிட்டு, மேலே விட்டுவைத்த இடத்தில் சட்டகத்தைப் பிறகு நிரப்பும் மாணவர்களும் உண்டு. ஆசிரியர்கள் இதை அறியாதவர்கள் அல்லர்.

அதே சட்டகம் இன்று வேறு வேடத்தில் வகுப்புக்குள் வந்திருக்கிறது. ‘முதலில் சட்டகம் எழுது, பிறகு ஒவ்வொரு தலைப்பையும் ஒரு சிலைடாக்கு’ என்று கணிப்பொறி வகுப்பில் மாணவர்களுக்குக் கற்பிக்கிறார்கள். கேட்பதற்கு எளிய யோசனைதான். ஆனால் சட்டகமும் சிலைடும் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு வேலைக்காகப் பிறந்தவை. இரண்டும் ஒன்றாகக் கலந்தது 1980களில்தான். அந்தக் கலப்பினால் கிடைத்த வசதி பெரிது. அதனால் நேர்ந்த குழப்பமும் சிறிதல்ல.

பாரிஸ் ஆசிரியரின் கிளைகள்

ஒரு பொருளைத் தொகை, வகை, விரி என்று பிரித்துச் சொல்வது நமக்குப் பழக்கமான முறை. ஐரோப்பாவில் இதைப் பாடம் கற்பிக்கும் கருவியாகப் பரப்பியவர் பீட்டர் ராமஸ் என்னும் பிரெஞ்சு ஆசிரியர். 1515இல் பிறந்து பாரிஸ் நகரில் பாடம் சொன்னவர். எந்தப் பாடமானாலும் பொதுவானதை முதலில் வைத்து, அதை இரண்டாகப் பிரித்து, அந்த இரண்டையும் மீண்டும் பிரித்து, இடமிருந்து வலமாகக் கிளைவிடும் வரைபடமாக அவர் ஆக்கினார். அச்சுப் புத்தகம் பெருகிவந்த காலம் அது; கிளைகளை அடைப்புக் குறிகளால் இணைத்து ஒரே பக்கத்தில் அச்சிட முடிந்தது. ஒரு சாத்திரம் முழுவதையும் ஒரே பார்வையில் காணும் வசதி மாணவர்களுக்குப் பிடித்துப்போனதில் வியப்பில்லை.

எல்லாவற்றையும் இரண்டிரண்டாகக் கூறுபோட்டால் உண்மை சிதைந்துவிடும் என்று அவருடைய காலத்திலேயே எதிர்த்தவர்கள் இருந்தனர். ராமஸ் 1572ஆம் ஆண்டு ஆகஸ்டில் பாரிஸில் நடந்த மதப் படுகொலையில் உயிரிழந்தார். அவருடைய கிளைப்படங்களோ அவருக்குப் பின்னும் பல தலைமுறைகள் பாடநூல்களில் வாழ்ந்தன.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தச் சட்டகம் படிப்பவரின் கையிலிருக்கும் தாளுக்கு உரியது. அவர் வேண்டிய நேரம் எடுத்துக்கொண்டு, கிளையிலிருந்து கிளைக்குத் தாவி, மீண்டும் திரும்பி வரலாம். கூட்டத்தின் முன் சுவரில் காட்டுவதற்காக அது பிறக்கவில்லை.

மாயவிளக்கு

சுவரில் காட்டும் கருவிக்குத் தந்தை என்று சொல்லத்தக்கவர் டச்சு விஞ்ஞானி கிறிஸ்டியான் ஹைகன்ஸ். சனிக்கோளின் வளையத்தை விளக்கியவரும் ஊசல் கடிகாரத்தை உருவாக்கியவரும் இவரே. 1659ஆம் ஆண்டைச் சேர்ந்த அவருடைய தாள்களில், ஒரு விளக்கின் முன் வைத்துக் காட்டுவதற்காக வரைந்த சிறு சிறு படங்கள் உள்ளன. அவற்றில் ஓர் எலும்புக்கூடு தன் தலையைத் தானே கழற்றி விளையாடுகிறது!

ஹைகன்ஸுக்கு இந்தக் கண்டுபிடிப்பால் பெருமை ஏற்படவில்லை, வெட்கமே ஏற்பட்டது. 1662இல் அவருடைய தந்தை, பிரெஞ்சு அரசவையில் காட்டுவதற்கு அத்தகைய விளக்கு ஒன்றைக் கேட்டார். தந்தையின் சொல்லைத் தட்ட முடியாமல் விளக்கைச் செய்த மகன், அதிலுள்ள ஒரு வில்லையை எடுத்துவிட்டு, விளக்கு வேலை செய்யாதபடி பார்த்துக்கொள்ளுமாறு தம்பிக்குக் கடிதம் எழுதினார். குடும்பத்தின் கௌரவம் கெட்டுவிடும் என்பது அவருடைய கவலை.

மாயவிளக்கு என்று பெயர் பெற்ற இக்கருவியின் அமைப்பு எளியது. உள்ளே ஒரு விளக்கு. அதன் ஒளியைக் குவிக்க ஒரு வில்லை. அடுத்துக் கண்ணாடியில் வரைந்த படம். அதற்கப்பால் பிம்பத்தைச் சுவரில் விழச் செய்யும் வில்லை. இந்த வில்லை பிம்பத்தைத் தலைகீழாக்கிவிடும். ஆகவே, படத்தையே தலைகீழாகச் செருக வேண்டும். அவசரத்தில் நேராகச் செருகிவிட்டுச் சபையினரின் சிரிப்புக்கு ஆளான சொற்பொழிவாளர்கள் எத்தனை பேரோ!

1850ஆம் ஆண்டையொட்டி, பிலடெல்பியா நகரின் லாங்கன்ஹைம் சகோதரர்கள் புகைப்படத்தைக் கண்ணாடியிலேயே பதிக்கும் முறையைக் கொண்டுவந்தனர். வேடிக்கைப் பொருள் பாடக் கருவியாயிற்று. நிலநூல், வானநூல், மருத்துவம், கலை வரலாறு ஆகிய எல்லா வகுப்புகளுக்குள்ளும் அது நுழைந்தது. நம் நாட்டிலும் சுகாதாரப் பிரசாரம் செய்தவர்கள் ‘மாஜிக் லாந்தர்’ பெட்டியோடு ஊர் ஊராகச் சென்றார்கள்.

இந்தக் கருவியை மிகச் சிறப்பாகப் பயன்படுத்தியவர் என்று நான் கருதுவது ஸ்விட்சர்லாந்தைச் சேர்ந்த கலை வரலாற்றாசிரியர் ஹைன்ரிஹ் வெல்ஃப்லினை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லின் பல்கலைக்கழகத்தில் அவர் இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கமாகத் திரையில் விழச் செய்து, இரண்டுக்கும் உள்ள வேற்றுமையை விளக்குவார். மேடையில் மாணவர்களை நோக்கி நிற்காமல், இருட்டில் அவர்கள் பக்கமாக நின்று, தாமும் படத்தைப் பார்த்தபடியே பேசுவார். திரையில் ஒரு சொல்கூட இராது. வாதம் அவர் வாயில் இருந்தது. சான்று சுவரில் இருந்தது.

சொற்கள் படத்தின் இடத்தைப் பிடித்தன

கண்ணாடிச் சிலைடு செய்யக் காசும் நேரமும் செலவாகும். சொற்பொழிவை முதலில் எழுதிவிட்டு, எங்கே படம் இல்லாமல் முடியாதோ அங்கே மட்டும் சிலைடு செய்தார்கள். கோடாக்குரோம் வண்ணச் சுருள் 1936இல் 35 மில்லிமீட்டர் அளவில் வந்தபோதும், கோடாக் நிறுவனத்தின் வட்டத்தட்டுப் படவீழ்த்தி 1960களின் தொடக்கத்தில் வந்தபோதும் நிலைமை பெரிதாக மாறவில்லை. (அந்தப் படவீழ்த்தியின் உற்பத்தி 2004இல் நின்றது.)

நிலைமையை மாற்றியது தலைமேல் படவீழ்த்தி. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க ராணுவம் வீரர்களுக்குப் பயிற்சி தர இதைப் பயன்படுத்தியது. இதற்கு இருட்டறை வேண்டாம், கண்ணாடி வேண்டாம், ஒளிபுகும் தாளில் பேனாவால் எழுதினால் போதும். பின்னர், தட்டச்சு செய்த தாளையே ஒளிபுகும் தாளில் நகலெடுக்கும் இயந்திரம் அலுவலகங்களுக்கு வந்தது. படம் வரைவது கடினம், தட்டச்சு செய்வது சுலபம். ஆகவே, படம் இருந்த இடத்தில் சொற்கள் வந்து உட்கார்ந்தன. பேசுபவர் தம் கையில் வைத்திருக்க வேண்டிய குறிப்பு, சிறிது சிறிதாகச் சுவருக்குப் போயிற்று.

கணிப்பொறி செய்த கலப்பு

1968 டிசம்பர் 9 அன்று, சான்பிரான்சிஸ்கோ நகரில் டக்ளஸ் எங்கல்பார்ட் என்னும் பொறியாளர் கணிப்பொறி வல்லுநர்கள் முன்னிலையில் ஒரு செயல்விளக்கம் நடத்தினார். ‘மவுஸ்’ என்னும் சாதனத்தைப் பொதுமக்கள் முதன்முதலில் கண்டது அன்றுதான் என்று இந்நிகழ்ச்சியை நினைவுகூர்வார்கள். அன்று அவர் காட்டிய மற்றொன்றை நாம் மறந்துவிட்டோம். கடையில் வாங்க வேண்டிய பொருள்களின் பட்டியலைத் திரையில் எழுதி, அவற்றை வகை பிரித்து, ஒரு தலைப்பின் கீழுள்ள வரிகளை மறைத்தும் விரித்தும் காட்டினார். ராமஸின் கிளைப்படம் அசையத் தொடங்கியது என்று சொல்லலாம்.

இந்த எண்ணத்தைச் சிறு கணிப்பொறிகளுக்குக் கொண்டுவந்தவர்களுள் முக்கியமானவர் டேவ் வைனர். 1983இல் ‘திங்க்டாங்க்’ என்ற சட்டக மென்பொருளையும், 1986இல் மாக்கின்டாஷ் கணிப்பொறிக்கு ‘மோர்’ என்பதையும் வெளியிட்டார். (நம் காதில் இது குடிக்கும் மோராகவே விழும், ஆங்கிலத்தில் ‘இன்னும்’ என்று பொருள்.) எழுதிவைத்த சட்டகத்தின் தலைப்புகளைப் புள்ளியிட்ட வரிகளாக, காட்டுவதற்கேற்ற பக்கங்களாக மோர் தானே மாற்றிக் கொடுத்தது. சட்டகமும் சிலைடும் கலந்த இடம் இதுதான்.

அதே காலத்தில் ராபர்ட் காஸ்கின்ஸ் என்பவர் ஃபோர்தாட் என்ற சிறு நிறுவனத்தில் வேறு வழியாக அதே இடத்துக்கு வந்துகொண்டிருந்தார். 1984இல் அவர் திட்டம் தீட்ட, டென்னிஸ் ஆஸ்டின் முதலியோர் மென்பொருளை உருவாக்கினர். முதலில் ‘பிரசென்டர்’ என்று பெயரிட்டு, வணிகக் குறிச் சிக்கலால் ‘பவர்பாயிண்ட்’ என்று மாற்றினார்கள். 1987 ஏப்ரலில் வெளியான முதல் பதிப்பு, தலைமேல் படவீழ்த்திக்கான கறுப்பு வெள்ளைத் தாள்களைத் தயாரிக்க மட்டுமே பயன்பட்டது. சில மாதங்களுக்குள் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 140 லட்சம் டாலர் கொடுத்து ஃபோர்தாட்டை வாங்கிவிட்டது. மற்றதை வாசகர்கள் அறிவார்கள்.

1990களில் இம்மென்பொருள் இன்னொரு படி தாண்டியது. பேசுவதற்குப் பொருளில்லாதவர்களுக்குச் சட்டகத்தையே ஆயத்தமாகக் கொடுக்கும் வசதி அதில் சேர்ந்தது. கெட்ட செய்தியைத் தெரிவிப்பதற்குக்கூட ஆயத்தச் சட்டகம் ஒன்று அதில் இருந்தது! 2007ஆம் ஆண்டுப் பதிப்பில் அவ்வசதியை நீக்கிவிட்டார்கள். ஆனால் தலைப்பை மட்டும் சொன்னால் சட்டகத்தையும் சிலைடையும் சேர்த்துத் தரும் செயற்கை நுண்ணறிவு மென்பொருள்கள் இன்று வந்துவிட்டன.

கடைசி வரியில் கிடந்த எண்

2003 ஜனவரி 16 அன்று கொலம்பியா விண்வெளி ஓடம் புறப்பட்டது. பயணிகள் எழுவருள் ஹரியானா மாநிலத்தின் கர்னாலில் பிறந்த கல்பனா சாவ்லாவும் ஒருவர். புறப்பட்ட 82ஆம் விநாடி அளவில், வெளி எரிபொருள் தொட்டியிலிருந்து பெயர்ந்த நுரைப்பொருள் துண்டு ஒன்று ஓடத்தின் இடது இறக்கையில் மோதியது. ஓடம் விண்ணில் சுற்றிக்கொண்டிருந்தபோதே, அந்த மோதலின் விளைவைப் பொறியாளர்கள் ஆராய்ந்து அதிகாரிகளுக்குச் சிலைடுகள் வாயிலாக விளக்கினர்.

அவற்றுள் ஒரு சிலைடு பிற்காலத்தில் பெயர்பெற்றது. அதன் தலைப்பு நிம்மதி தரும் விதத்தில் அமைந்திருந்தது: பழைய சோதனைகளை வைத்துப் பார்த்தால் கணக்கீடு பாதுகாப்பான பக்கமே நிற்கிறது என்பது போன்ற பொருள். கீழே பெரிய புள்ளி, அதற்குள் சிறிய புள்ளி, அதற்குள் இன்னும் சிறியது. எல்லாவற்றுக்கும் அடியில், மிகச் சிறிய எழுத்தில் ஒரு செய்தி இருந்தது. சோதனையில் பயன்படுத்திய துண்டின் பருமன் 3 கன அங்குலம்; உண்மையில் மோதியிருக்கக்கூடிய துண்டின் பருமனோ 1,920 கன அங்குலம். அதாவது, 640 மடங்கு! பழைய சோதனையைக் கொண்டு எதையும் முடிவு செய்ய இயலாது என்பதே இதன் பொருள். தலைப்பாக வந்திருக்க வேண்டிய செய்தி கடைசிக் கிளையில் கிடந்தது.

பிப்ரவரி 1 அன்று பூமிக்குத் திரும்பும் வழியில் ஓடம் சிதறி எழுவரும் மாண்டனர். இதற்கு ஒரு சிலைடுதான் காரணம் என்று சொல்வது அநியாயமாகும். நிர்வாகக் குறைகள் பலவற்றை விசாரணைக் குழு கண்டறிந்தது. எனினும், 2003 ஆகஸ்டில் வெளியான அக்குழுவின் அறிக்கை இந்தச் சிலைடையும் எடுத்துக்காட்டி, தொழில்நுட்ப அறிக்கைகளின் இடத்தைச் சிலைடுகள் பிடித்துக்கொண்டதைக் கண்டித்தது. புள்ளிவிவரப் படங்களை ஆராய்ந்த எட்வர்ட் டஃப்டி இதே சிலைடை வரிவரியாக அலசி, குற்றம் பவர்பாயிண்டின் அமைப்பிலேயே இருக்கிறது என்றார். அவர் சற்றுக் கடுமையாகவே பேசிவிட்டார் என்று எனக்குத் தோன்றுகிறது. மோசமான சட்டகத்தைக் கையால் எழுதினாலும் அது மோசமான சட்டகமே. ஆனால் காஸ்கின்ஸ் அவர்களே 2007இல், முழு அறிக்கை எழுதும் பழக்கத்தை மக்கள் கைவிட்டு, அதன் சுருக்கமான சிலைடுகளை மட்டும் எழுதத் தொடங்கிவிட்டார்கள் என்று வருந்தினார்.

வகுப்பில் எப்படி?

பொறியியல் மாணவர்களுக்கு எழுத்துப் பயிற்சி தரும் மைக்கேல் ஆலி என்னும் அமெரிக்கப் பேராசிரியர் ஒரு முறையைப் பரப்பி வருகிறார். சிலைடின் தலைப்பு ஒற்றைச் சொல்லாக இருக்கக் கூடாது. எழுவாயும் பயனிலையும் உள்ள முழு வாக்கியமாக இருக்க வேண்டும். அதன் கீழே புள்ளிகளுக்குப் பதிலாக அந்த வாக்கியத்துக்குச் சான்றாகும் படம் வர வேண்டும். வெல்ஃப்லினின் வகுப்பை இது ஓரளவு நினைவூட்டுகிறது.

சந்திர கிரகணத்தைப் பற்றிப் பேச வேண்டிய ஒரு மாணவியை எடுத்துக்கொள்வோம். அவளுடைய முதல் சட்டகத்தில் ‘கிரகணம் – காரணம் – வகைகள் – பயன்கள்’ என்று இருக்கும். இதை அப்படியே சிலைடாக்கினால் நான்கு தலைப்புகளும் இருபது புள்ளிகளும் கிடைக்கும். கேட்பவர்கள் அவளுக்கு முன்னரே படித்து முடித்துவிட்டு, ஜன்னல் பக்கம் பார்ப்பார்கள். ‘காரணம்’ என்ற சொல்லை எடுத்துவிட்டு, அதைப் பற்றித் தான் சொல்ல விரும்புவதை ஒரு வாக்கியமாக்கு என்று ஆசிரியர் கேட்க வேண்டும். அவள் கொஞ்சம் திணறுவாள். தனக்கு எது புரியவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கே தெரியும். பிறகு இப்படி எழுதக்கூடும்: ‘நிலவின் பாதை 5 பாகை அளவு சாய்ந்திருப்பதால் ஒவ்வொரு பௌர்ணமியிலும் கிரகணம் வருவதில்லை.’

இனி இதற்குச் சான்று தேட வேண்டும். நிலவு இருக்கும் தொலைவில் பூமியின் கருநிழல் ஏறத்தாழ 9,000 கிலோமீட்டர் அகலமுடையது. நிலவின் விட்டம் 3,474 கிலோமீட்டர். பாதையின் சாய்வினால் நிலவு அந்த நிழலுக்கு மேலோ கீழோ 30,000 கிலோமீட்டருக்கு மேலும் விலகிப் போகக்கூடும். ஒரு பெரிய வட்டம், அதிலிருந்து வெகு தூரத்தில் ஒரு சிறிய வட்டம்: திரைக்கு இவ்வளவு போதும். சட்டகத்தின் மற்ற வரிகள் எல்லாம் மாணவியின் கையிலுள்ள தாளில், அவளுடைய எழுத்தில் இருக்கும்.