தேயிலைக்கு முன்னும் பின்னும் சேரம்பாடி

நீலகிரியின் சேரம்பாடியைச் சுற்றித் தெரியும் பச்சையில் பெரும்பகுதி என் பெற்றோர் தலைமுறை நட்டது. அதற்கு முன் இங்கே காடு இருந்தது. 1880 வாக்கில் தேவாலா, பந்தலூர்ப் பாறைகளில் தங்கம் இருப்பதாக நம்பி லண்டனில் கம்பெனி மேல் கம்பெனியாகத் தொடங்கினார்கள். சில வருஷங்களில் எல்லாம் மூழ்கின, சுரங்கக் குழிகள்தான் மிச்சம். இவர்களுக்கெல்லாம் வெகுகாலம் முன்பே பணியரும் காட்டுநாயக்கரும் குறும்பரும் இந்தக் காட்டில் வாழ்ந்தார்கள்.

எங்களை இங்கே கொண்டுவந்தது 1964 அக்டோபர் 30-ல் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். இலங்கையிலிருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வது என்று முடிவானது. இலங்கை மலையகத்தில் பிறந்து, தேயிலை தவிர வேறு வேலை பழகாத சனம். அவர்களுக்காக 1968-ல் வனத்துறை நீலகிரியில் அரசுத் தேயிலைத் திட்டத்தைத் தொடங்கியது. 1976-ல் அது டேன்டீ என்ற தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம் ஆனது.

இலங்கையிலிருந்து மண்டபம் முகாம் வழியாக வந்த அப்பாவுக்கு இங்கே முதல் வேலை காடு வெட்டுவது. மரத்தைச் சாய்த்து, வேரைப் பிடுங்கி, கான் வெட்டி, குழியெடுத்துக் கன்று வைத்தார்கள். ஆடி மழையில் படங்கைக் கட்டிக்கொண்டு அம்மா மலையேறுவாள். காலெல்லாம் அட்டை. எந்தச் சரிவில் தண்ணீர் நிற்கும், எங்கே மண் சரியும், யானை எந்த ஓடையோரமாக இறங்கும் என்று கங்காணி கேட்டால் அம்மா சொல்லுவாள். யானை எதிர்ப்பட்டால் கையெடுத்துக் கும்பிட்டு, "பிள்ளையாரப்பா, வழிய விட்டுப் போயிரு சாமி" என்பாள். அந்த அறிவை யாரும் எழுதி வைக்கவில்லை.

பல்கலைக்கழகங்கள் வேறு வழியில் இதே அறிவைத் தேடி வந்தன. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் ஆர். சுகுமார், பெண் யானைகளைவிட ஆண் யானைகளே பயிருக்குள் அதிகம் புகுகின்றன என்று 1980-களில் ஆராய்ந்து காட்டினார். 1988-ல் அதே கழகம் முதுமலையில் 50 ஹெக்டேர் காட்டை அளந்து, ஒரு சென்டிமீட்டர் பருமனுள்ள செடி முதல் மரம் வரை எண் கட்டிக் கண்காணிக்கத் தொடங்கியது. பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கூடலூர்ப் பகுதி பற்றி 2021-ல் வெளியிட்ட ஆய்வு, யானையோடு மனிதரையும் சேர்த்துப் பார்த்தது. யானையைப் பொறுத்துக்கொள்ளும் மனம் சமூகத்துக்குச் சமூகம் மாறுகிறது என்றது. எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமாகப் படுகிறது. பயிருக்கும் உயிருக்கும் வரும் சேதத்தை மட்டும் கணக்கெடுத்தால் அம்மாவின் கும்பிடு அதில் எங்கே வரும்?

2022-ல் டேன்டீயின் 2,152 ஹெக்டேரை வனத்துறைக்கே திருப்பிக் கொடுக்க அரசு முடிவெடுத்தது. எனக்கு இதில் மறுப்பில்லை, யானைக்கு வழி வேண்டும். ஆனால் தேயிலையை அப்படியே விட்டுவிட்டால் அது தானாகச் சோலையாகிவிடாது. கவ்வாத்து நின்ற செடி ஆளுயரத்துக்கு மேல் வளரும், இடையில் உண்ணிச்செடி ஏறும். உண்ணியை வேரோடு பிடுங்கி, நாட்டு மரக் கன்றுகளை நாற்றங்காலில் வளர்த்து, சரிவு பார்த்து நட ஆள் வேண்டும். அந்த வேலை தெரிந்தவர்கள் லயத்து வீடுகளில் இருக்கிறார்கள். பணி ஓய்வுக்குப் பின் எங்கே போவது என்ற கவலையோடு இருக்கிறார்கள்.

வனத்துறையும் பல்கலைக்கழகங்களும் திட்டம் எழுதும் முன் அவர்களைக் கூப்பிட்டுக் கேட்கட்டும். காடு திருப்பும் வேலையைக் கூலியோடும் குடியிருக்கும் வீட்டுக்குப் பட்டாவோடும் அவர்களுக்கே கொடுக்கட்டும்.