மணலில் எழுதிய விரல்

எழுத்து என்னும் சொல் தமிழில் ஒலியையும் குறிக்கும், வரிவடிவையும் குறிக்கும். ஒலியெழுத்தின் பிறப்பையும் புணர்ச்சியையும் இலக்கண நூலார் விரிவாக ஆராய்ந்தனர். அவ்வெழுத்தின் வடிவைச் சிறுவர்தம் கைக்குப் பழக்கிய திண்ணைப் பள்ளி ஆசிரியர்களைப் பற்றியோ நாம் மிகுதியும் பேசியதில்லை. பத்தாண்டுகளாகக் கவிதையை எழுதியும் படித்தும் வரும் நம் வட்டத்தின் நிறைவு மலரில், எல்லாக் கவிதைக்கும் முன்னதாகிய அந்தக் கைப்பழக்கத்தின் வரலாற்றை எண்ணிப் பார்த்தல் பொருந்தும்.

திண்ணைப் பள்ளியில் முதல் ஏடு மணல்தான். தரையில் பரப்பிய மணலில் ஆசிரியர் சிறுவனின் விரலைப் பற்றி எழுத்தை வரைவிப்பார். விரல் வரையும்போதே வாய் அவ்வெழுத்தைச் சொல்லும். பிழைத்தால் உள்ளங்கையால் தடவி மீண்டும் எழுதலாம், காசு செலவில்லை. விரல் பழகிய பின்னரே ஓலையும் எழுத்தாணியும் கைக்கு வரும். ஆசிரியர் எழுதித் தரும் மேல்வரிச் சட்டத்தைப் பார்த்து மாணவன் எழுதிப் பழகுவான். கீறிய எழுத்து கண்ணுக்குத் தெரிய மஞ்சளும் கரியும் பச்சிலைச் சாறும் தடவுவர். முன்னே கற்றவன் பின்னே வந்தவனுக்குக் கற்பிப்பான். அவர்களுள் மூத்தவன் சட்டாம்பிள்ளை.

இந்த எளிய முறை கடல் கடந்தது என்பது நம்மில் பலரும் அறியாத செய்தி. ஸ்காட்லாந்து நாட்டினராகிய ஆண்ட்ரு பெல் என்னும் பாதிரியார் 1787இல் சென்னைக்கு வந்தார். 1789இல் எழும்பூரில் இருந்த ஆண் அநாதைச் சிறுவர் விடுதியின் கண்காணிப்பை ஏற்றார். ஒரு நாள் காலை குதிரையில் சென்றபோது, ‘மலபார்’ பள்ளியொன்றில் சிறுவர்கள் மணலில் விரலால் எழுதுவதைக் கண்டார். அக்காலத்து ஐரோப்பியர் தமிழரை மலபார் என்றே குறித்தனர் என்பதை ஈண்டு நினைவிற் கொள்ள வேண்டும். விடுதியின் உதவி ஆசிரியர்கள் இம்முறையை ஏற்க முன்வரவில்லை. ஆகவே ஜான் பிரிஸ்கன் என்னும் எட்டு வயதுச் சிறுவனிடமே கீழ்வகுப்பை ஒப்படைத்தார் பெல். பெரியவர்கள் இயலாது என்றதைச் சிறுவன் செய்து காட்டினான்.

தாயகம் திரும்பிய பெல் 1797இல் இலண்டனில் தம் சோதனையை நூலாக வெளியிட்டார். அம்முறைக்கு ‘மதராஸ் முறை’ என்றே பெயர் வழங்கலாயிற்று. ஜோசப் லங்காஸ்டர் இலண்டனில் நடத்திய பள்ளியிலும் தொடக்க மாணவர் மணற்பலகையில் எழுதினர். 1811இல் தோன்றிய தேசியக் கழகம் பெல்லின் முறையை இங்கிலாந்தெங்கும் பரப்பியது. பெல்லின் கொடையால் எழுந்த ஒரு பள்ளி செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் ‘மதராஸ் கல்லூரி’ என்னும் பெயருடன் இன்றும் நடைபெறுகின்றது.

1822இல் ஆளுநர் தாமஸ் மன்றோ நாட்டுப் பள்ளிகளைப் பற்றிக் கணக்கெடுக்கச் செய்தார். பெல்லாரி ஆட்சியர் காம்பெல் 1823இல் அளித்த அறிக்கை, மணலில் தொடங்கி ஓலைக்கோ தாளுக்கோ செல்லும் படிநிலையைத் தெளிவாக விளக்குகின்றது. சிக்கனமான இம்முறை இங்கிலாந்து பின்பற்றத் தக்கதே என்றும் அவர் பாராட்டினார். சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்தன என்று மன்றோ 1826இல் பதிவு செய்தார்.

இவ்வரலாற்றைப் பெருமிதத்தோடு மட்டும் சொல்லி முடித்தல் நேர்மையாகாது. அத்திண்ணைகளில் பெண்மக்கள் மிகச் சிலரே அமர்ந்தனர். சாதியால் விலக்கப்பட்டோர்க்குப் பெரும்பாலும் இடமில்லை. மணலுக்குக் காசு வேண்டா. ஆயினும் மணல் இருந்த இடத்தை அணுக உரிமை வேண்டியிருந்தது. அக்காலத்துப் பிறந்திருந்தால் இக்கட்டுரையை எழுதும் கையும் எழுத்தறியாக் கையாகவே இருந்திருக்கும்.

திண்ணையில் பழகிய கை எத்துணைப் பெரும்பணிக்கு உதவியது என்பதற்கு உ.வே.சாமிநாதையரே சான்று. உத்தமதானபுரத்தில் திண்ணைப் பள்ளியில் கற்ற அவர், 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். ஓலையில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. எகர ஏகாரங்கட்குக் கொம்பிலும் வேறுபாடு இராது. ஆங்கிலம் கற்கும் குழந்தை நான்கு கோட்டு ஏட்டில் எழுத்தோடு எழுத்தைக் கோத்தெழுதப் பழகுகின்றது. நம் ஓலையிலோ சொல்லோடு சொல் இடைவெளியின்றித் தொடர்ந்தது. அதனைப் பிரித்துப் படிக்க மொழியறிவோடு கைப்பழக்கமும் வேண்டும்.

அப்பழக்கம் எவ்வளவு விரைவில் மறையும் என்பதை என் வீட்டிலேயே கண்டேன். 1978இல் தமிழக அரசு பதின்மூன்று எழுத்துகளின் வடிவைச் சீர்திருத்தியது. பெரியார் 1935 முதல் குடி அரசு இதழில் கையாண்ட மாற்றங்களை ஒட்டிய அச்சீர்திருத்தம், அச்சுக் கோப்போர்க்கும் கற்கும் குழந்தைக்கும் சுமையைக் குறைத்தது; அதில் எனக்கு ஐயமில்லை. புதிய வடிவிலேயே கற்றவள் நான். பத்து வயதில், பாட்டனார் என் தாயார்க்கு எழுதிய அஞ்சலட்டையைப் படிக்க முயன்று, ‘தலை’ என்ற சொல்லிலேயே நின்றுவிட்டேன். லகரத்தின் மேல் யானைத் துதிக்கைபோல் வளைந்த சுழியை என்னவென்று அறியேன். தாயார் முறத்தில் அரிசியைப் பரப்பி, என் விரலைப் பற்றி அந்தத் துதிக்கையை ஒருமுறை வரைவித்தார். அதன்பின் அட்டை முழுவதும் விளங்கிற்று. திண்ணையின் மணல் எங்கள் வீட்டில் அரிசியாக எஞ்சியிருந்தது என்பது பின்னாளில்தான் புரிந்தது.

சென்ற ஆண்டு அந்த அட்டையை இளங்கலை மாணவியரிடம் காட்டினேன். அச்சு நூலைத் தடையின்றிப் படிப்போர் அதன் இரண்டாம் வரியைத் தாண்டவில்லை. குறை அவர்களுடையதன்று, அவர்தம் விரலை எவரும் பற்றி வரைவிக்கவில்லை. வீடுதோறும் பெட்டிகளில் உறங்கும் கடிதங்களும் கணக்கேடுகளும் கையெழுத்துக் கவிதைகளும் படிப்பாரின்றிப் போவதற்கு இரு தலைமுறை போதும்.

நம் வட்டத்தினர்க்கு ஒரு வேண்டுகோள். உங்கள் இல்லத்து முதியோரின் கையெழுத்தில் ஒரு பக்கத்தையேனும் அவர் அருகிருந்து படித்து, ஐயமான எழுத்துகளைக் கேட்டு எழுதி வையுங்கள். பதினோராம் ஆண்டின் முதற் கூட்டத்திற்கு அவற்றைக் கொண்டு வருவோம். பாட்டனாரின் அஞ்சலட்டையை நானும் கொண்டு வருகின்றேன்.