மணிக்கூண்டும் மங்கிய கண்ணும்

கொச்சியில் மட்டாஞ்சேரி அரண்மனையை அடுத்து ஜூ டவுன் என்று வழங்கும் பழைய தெரு ஒன்று உண்டு. போர்த்துக்கீசியரின் கொடுமைக்கு அஞ்சி வந்த யூதர்களுக்குக் கொச்சி மன்னர் தம் அரண்மனைக்கு அருகிலேயே குடியிருக்க இடமளித்தார். அங்கே 1568ஆம் ஆண்டில் எழுந்ததே பரதேசி யூதர்களின் தொழுகைக்கூடம். அதன் பக்கத்தில் நிற்கும் மணிக்கூண்டை, டச்சுக் கம்பெனியோடு பெருவாணிபம் நடத்திய எசக்கியேல் ராகபி என்பார் 1760இல் கட்டுவித்தார். கடிகாரத்தின் ஒரு முகத்தில் எபிரேய எண்கள். ஒன்றில் உரோமை எண்கள். மற்றொன்றில் மலையாள எண்கள். பல மொழியினர் கூடிய வணிகத் துறையில், அவரவர் தத்தம் எழுத்திலேயே பொழுதை அறிந்துகொள்ளட்டும் என்ற நல்லெண்ணம் அதில் விளங்குகிறது.

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நாம், அவ்வெண்களைக் காணவென்றே சில ஆண்டுகளுக்கு முன் அங்குச் சென்றோம். உடன் வந்த நண்பர் தெருவில் நின்றபடியே, “அதோ உரோமை எண்கள்” என்று சுட்டிக் காட்டினார். நம் கண்ணுக்கு ஒரு வெளிறிய வட்டம் மட்டுமே தென்பட்டது. தொழுகைக்கூடத்தினுள் சென்றபோதோ நிலைமை மாறியது. சீனத்திலிருந்து வருவித்துத் தளத்தில் பதித்த நீலமும் வெள்ளையுமான ஓடுகளைக் குனிந்து, கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தோம். நண்பர் கவனியாத மெல்லிய தூரிகைக் கோடுகள்கூட நமக்குத் தெளிவாகத் தெரிந்தன.

கிட்டப்பார்வையின் இயல்பு இதுதான். சராசரிக் கண்விழி முன்பின்னாகச் சுமார் 24 மில்லிமீட்டர் நீளமுடையது. விழி அளவுக்கு மேல் நீண்டுவிட்டால், தொலைவிலிருந்து வரும் ஒளிக்கதிர்கள் விழித்திரையை எட்டுமுன்னரே குவிந்துவிடுகின்றன. குறைபாடு 6 டயாப்டரை எட்டினால் அது கடுமையானது என்பர். அத்தகையவர், கண்ணாடியின்றி, ஏறத்தாழ 17 சென்டிமீட்டருக்கு அப்பால் உள்ளதைத் தெளிவாகக் காண இயலாது. இளமையிலேயே இவ்வாறு அமைந்தவர், உலகமே இப்படித்தான் மங்கலாக இருக்கும் போலும் என்று எண்ணிவிடுகிறார். பள்ளியில் கரும்பலகை தெரியாதபோது நாமும் அவ்வாறே எண்ணி, பக்கத்துப் பையனின் ஏட்டைப் பார்த்து எழுதினோம். ஆசிரியரிடம் அடியும் பெற்றோம்.

மூக்குக் கண்ணாடி இத்தாலியில் 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் தோன்றியது. அது முதியோர் நூல் படிப்பதற்கான குவிவில்லை. தொலைவைக் காட்டும் குழிவில்லை 15ஆம் நூற்றாண்டில்தான் வழக்கிற்கு வந்தது. 1462இல் மிலான் நகரத்துக் கோமகன் பிரான்செஸ்கோ ஸ்ஃபோர்சா, பிளாரென்ஸிலிருந்து மூன்று டஜன் கண்ணாடிகளை வருவித்தபோது, அவற்றுள் ஒரு டஜன் தொலைவைக் காண்பதற்கு வேண்டும் என்று குறிப்பிட்டார். போர்த்துக்கீசியர் 1500இல் கொச்சிக்கு வந்தனர். ஏறத்தாழ 1520ஆம் ஆண்டளவில், விஜயநகரத்தில் வியாசராயர் கண்ணாடி அணிந்து ஏடு படித்ததாக அவருடைய வடமொழிச் சரித நூல் கூறுகிறது. அக்கண்ணாடி மேற்குக் கரைக்கு வந்த போர்த்துக்கீசியர் வழியே அவரை அடைந்திருத்தல் கூடும்.

குழிவில்லை எவ்வாறு உதவுகிறது என்பதை 1604இல் கெப்ளர் விளக்கினார். ஆயினும் நெடுங்காலம் மக்கள் வணிகனின் பெட்டியில் இருந்தவற்றை ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்து, தெளிவாகக் காட்டியதை வாங்கிச் சென்றனர். 1851இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் உயிருள்ள மனிதனின் விழித்திரையையே கண்டறியும் கருவியை அமைத்தார். 1862இல் ஸ்நெல்லன், பார்வையை அளக்கும் எழுத்துப் பலகையை வெளியிட்டார். ஊகம் போய் அளவு வந்தது. நம் சென்னையிலோ 1819லேயே கண் மருத்துவமனை தொடங்கிவிட்டது. எழும்பூரில் அது இன்றும் பணியாற்றுகிறது.

இவ்வளவு வசதி வந்த பின்னும் நாம் செய்ததென்ன? ஆறு ஆண்டுகள் ஒரே கண்ணாடியை அணிந்திருந்தோம். அருகில் உள்ள கோப்பு நன்றாகத் தெரிந்ததால், குறை ஏதுமில்லை என்று இருந்துவிட்டோம். கொச்சியிலிருந்து திரும்பிய பின்னரே மருத்துவரை நாடினோம். அவர் சொட்டு மருந்திட்டுக் கண்மணியை விரிவாக்கி உள்ளே நோக்கினார். கண்ணாடியின் அளவு மாறியிருந்தது மட்டுமன்று; விழித்திரையின் ஓரத்தில் ஒரு சிறு கிழிசலும் இருந்தது. வலியில்லை, நாம் உணர்ந்த குறியும் இல்லை. லேசர் ஒளியால் அதனைச் சுற்றி அணை கட்டினாற்போல் சூடிட்டு அவர் காத்தார்.

விழி நீளும்போது விழித்திரை மெலிகிறது. கிழியவும் கழன்றுவிடவும் வழி ஏற்படுகிறது. கண் நீரழுத்த நோய் வரும் வாய்ப்பும் மிகுகிறது. அதுவும் பெரும்பாலும் வலியின்றியே பார்வையைத் தின்பது. கண்ணாடி காட்சியைத் திருத்துமேயன்றி, நீண்ட விழியைக் குறுக்காது. எனவே, தெளிவாகத் தெரிகிறது என்பது ஒன்றே கண் நலத்துக்குச் சான்றாகாது.

கடுமையான கிட்டப்பார்வை உடையோர் ஆண்டுக்கொரு முறையேனும், அன்றி மருத்துவர் குறித்த தவணையிலேனும், கண்மணியை விரித்துச் சோதித்துக்கொள்வது கடமை. திடீரென மின்னல் போன்ற ஒளியோ, கரும்புள்ளிகளின் கூட்டமோ, திரை விழுந்தாற் போன்ற நிழலோ தோன்றுமாயின் அன்றே செல்ல வேண்டும். கரும்பலகையைப் பார்க்கக் கண்ணைச் சுருக்கும் குழந்தையை அதட்டாமல் சோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள். பகல் வெளிச்சத்தில் நாள்தோறும் விளையாட விடுங்கள். கிட்டப்பார்வை தோன்றாமல் தடுக்க அது துணை செய்கிறது.

மறு ஆண்டு மீண்டும் ஜூ டவுன் சென்றோம். அதே தெருவில் நின்று, நண்பரின் துணையின்றி, உரோமை எண்களை ஒன்று முதல் பன்னிரண்டு வரை நாமே படித்தோம்.