பனிமலையிலிருந்து கடல்வரை

அந்தலூஸ் என்றதுமே நம் உள்ளத்தில் அல்ஹம்ரா மாளிகையும், அதன் திறவுகோலை ஒப்படைத்துவிட்டுக் கண்ணீருடன் வெளியேறிய மன்னர் ஒருவரின் உருவமுந்தான் தோன்றுகின்றன. மேடைப் பேச்சாயினும் ஏட்டுக் கட்டுரையாயினும் நாம் அந்த வாயிலோடு நின்றுவிடுகிறோம். அம்மாளிகைக்குத் தென்கிழக்கே பனி போர்த்து நிற்கும் மலையின் மறுபுறத்தில் என்ன இருந்தது, அங்கிருந்தோர் என்ன ஆயினர் என்பதை நாம் அரிதாகவே கேட்கிறோம். மாளிகை கைமாறிய பின்னரும் ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் அந்தலூஸ் முஸ்லிம்களின் வாழ்வு அந்த மறுபுறத்தில்தான் நடந்தது.

ஸ்பெயினில் இன்று ‘சியெரா நெவாதா’ எனப்படும் அம்மலையை அரபு நூலோர் ‘ஜபல் ஷுலைர்’ என்றனர். அதன் தென்சரிவுக்கு ‘அல்புஷர்ராத்’ என்று பெயர்; அதுவே ஸ்பானிய நாவில் அல்புஹார்ரா ஆயிற்று. கோடையிலும் இலையுதிர் காலத்திலும் ஐரோப்பாவின் பல நாடுகளிலிருந்து மக்கள் இங்கு நடைப்பயணம் வருகின்றனர். முதுகில் ஒரு பை, கையில் ஒரு கோல், இரவு தங்கச் சிற்றூர் விடுதி. மலை உச்சியிலிருந்து மத்தியதரைக் கடலுக்கு நேர்கோட்டில் நாற்பது கிலோமீட்டர்கூட இல்லை. வளைந்து நெளியும் கழுதைப் பாதைகளில் இறங்கினால் நான்கைந்து நாட்களில் பனியிலிருந்து கரும்பு விளைந்த கரைக்கு வந்துவிடலாம். வழிகாட்டி ஏடுகள் இதனை ‘மூர்களின் பழைய பாதை’ என்று ஒரு சொல்லில் சொல்லிவிட்டு விடுதிகளின் வசதிகளை விவரிக்கத் தொடங்கிவிடும். அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கியிருப்பதைச் சற்றே விரித்துப் பார்ப்பதுதான் நம் நோக்கம்.

பயணம் தொடங்கும் சிகரமே ஒரு முஸ்லிம் மன்னரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஐபீரியத் தீபகற்பத்திலேயே உயரமானதாகிய, ஏறத்தாழ 3,480 மீட்டர் கொண்ட முலாஸேன் சிகரம் அது. மௌலாய் ஹஸன் என்னும் பெயரின் திரிபு. கிரனடாவை ஆண்ட அபுல் ஹஸன் அலீ அவர்களே அவர். கடைசி மன்னர் அபூ அப்துல்லாஹ்வின் தந்தை. மகனுடன் மூண்ட உட்பகையில் அரியணையை இழந்து 1485-இல் காலமான அவரை இச்சிகரத்தில் அடக்கினர் என்று ஒரு கதை உண்டு. கதைதான், ஆயினும், அந்நாட்டு வரைபடத்தில் அனைத்துக்கும் மேலாக அவருடைய பெயர் இருப்பது கதையன்று.

சிகரத்தின் கிழக்கே ஏழு ஏரிகள் எனப்படும் சிறு பொய்கைகளைக் கடந்து இறங்கினால் சுமார் 1,480 மீட்டர் உயரத்தில் திரெபேலெஸ் ஊர் வரும். அங்கு வருமுன்னரே நடப்பவரின் காலடியில் வாய்க்கால்கள் தென்படத் தொடங்கும். ஸ்பானியர் அவற்றை ‘அஸேக்கியா’ என்பர். அரபியின் ‘அஸ்ஸாக்கியா’வே அது. அவற்றுள் மிக உயரத்தில் ஓடுபவை வயலை நோக்கிச் செல்வதில்லை என்பதுதான் வியப்பு. வேனிற்காலத்தில் பனி உருகிப் பெருகும் நீரை அவை மலைத்தோளின் குறுக்கே கொண்டுபோய், பாறை பிளவுபட்டு மண் இளகிய இடங்களில் வேண்டுமென்றே கசியவிடுகின்றன. அந்நீர் மலைக்குள் புகுந்து மெல்ல நகர்ந்து, வாரங்களோ மாதங்களோ கழித்து, கீழேயுள்ள ஊர்களின் ஊற்றுகளில் வெளிப்படுகிறது. கோடை வறட்சியில் எந்நீர் தேவையோ அந்நீரை வசந்தத்திலேயே மலையின் வயிற்றில் சேமித்துவைக்கும் உபாயம் இது. அணை இல்லை, மதகு பூட்டும் இரும்பு இல்லை. மண்ணின் இயல்பை அறிந்த அறிவு மட்டுமே உண்டு. அல்ஹம்ராவின் சுதை வேலைப்பாட்டைக் கண்டு வியப்பவர்கள் இந்த மண் வாய்க்கால்களின் ஓரமாகவும் ஒரு நாள் நடந்து பார்க்க வேண்டும். என்னைக் கேட்டால், இரண்டாவதே பெரிய சாதனை என்பேன்.

ஊர்களின் தோற்றமும் அப்படியே. வெள்ளையடித்த சுவர்கள், தட்டைக் கூரைகள், கூரைமீது நீர் இறங்காதபடி பரப்பிய சாம்பல் நிறக் களிமண். மொரோக்கோவின் மலையூர்களைக் கண்டவர் இவற்றை வேறு நாட்டு வீடுகள் என்று கருதமாட்டார்.

திரெபேலெஸ் இன்று பன்றித் தொடையை உப்பிட்டு மலைக்காற்றில் உலர்த்தும் தொழிலுக்குப் பெயர்போன ஊர். பன்றி இறைச்சியை மறுப்பதே மறைவான முஸ்லிம் என்பதற்குச் சான்றாக மதவிசாரணை மன்றத்தில் கொள்ளப்பட்ட காலம் ஒன்று இருந்தது என்பதை அறிந்தவர்கள் அந்தக் கடைத்தெருவைச் சற்று வேறு மனத்துடன்தான் கடந்து செல்வர்.

1491 நவம்பரில் எழுதப்பட்ட சரணடைவு ஒப்பந்தம் முஸ்லிம்களின் மார்க்கம், பள்ளிவாசல், சொத்து, வழக்குமுறை அனைத்தும் காக்கப்படும் என்று உறுதி கூறியது. 1492 ஜனவரி 2-ஆம் நாள் நகரம் ஒப்படைக்கப்பட்டது. எட்டு ஆண்டுகள்கூட அவ்வாக்கு நிற்கவில்லை. 1499-இல் கர்தினால் ஸிஸ்னேரோஸ் கட்டாய ஞானஸ்நானத்தைத் தொடங்கினார். அரபு நூல்கள் பொதுச் சதுக்கத்தில் எரிக்கப்பட்டன. எதிர்த்தெழுந்த மலைமக்கள் அடக்கப்பட்டு, ஏட்டளவில் கிறிஸ்தவர்களாக்கப்பட்டனர். இவர்களே ‘மோரிஸ்கோ’க்கள். 1567-இன் முதல் நாளில் அறிவிக்கப்பட்ட ஆணை அரபு மொழியையும், உடையையும், குளியற்கூடங்களையும் தடைசெய்தது. பிரான்ஸிஸ்கோ நூன்யெஸ் மூலேய் என்னும் முதிய மோரிஸ்கோ பெருமகன், உடையும் மொழியும் நாட்டு வழக்கமேயன்றி மதமல்ல என்று வாதாடி மனு எழுதினார். மனு பயன்படவில்லை. (வேற்று மொழியை அரபு எழுத்தில் எழுதும் பழக்கம் நம் அரபுத்தமிழுக்கு மட்டும் உரியதன்று. வடக்கே அரகோன் பகுதி மோரிஸ்கோக்கள் ஸ்பானிய மொழியை அரபு எழுத்திலேயே எழுதி வைத்திருந்தனர். 1884-இல் அங்கே ஒரு வீட்டை இடித்தபோது, ஒளித்துவைத்த அத்தகைய சுவடிகள் குவியலாக வெளிப்பட்டன.)

1568 டிசம்பர் 24 இரவில் கிளர்ச்சி வெடித்தது. பெர்னாந்தோ தே பாலோர் என்பவர் உமையா வம்சத்தின் வழிவந்தவராக ஏற்கப்பட்டு, முஹம்மது இப்னு உமையா என்ற பெயருடன் மன்னராக அறிவிக்கப்பட்டார். அந்த முதல் நாட்களில் மலையூர்களில் பாதிரிமாரும் பழைய கிறிஸ்தவர்களும் கொடுமையாகக் கொல்லப்பட்டனர் என்பதையும் நாம் மறைக்கலாகாது. நம் துயரத்தை மட்டும் எழுதி அடுத்தவர் துயரத்தை விட்டுவிடுவது வரலாறாகாது.

திரெபேலெஸிலிருந்து தெற்கே நடந்தால் ஹுபீலெஸ் என்னும் சிற்றூர் வரும். ஒரு காலத்தில் இதன் பட்டு நாடெங்கும் விரும்பப்பட்டது. நடைப்பயணிகள் இங்கே தேநீர் அருந்தி, ஆலயத்தின் முன்னுள்ள சதுக்கத்தில் இளைப்பாறுவர். 1569 ஜனவரியில், சரணடைந்த மோரிஸ்கோ பெண்களை அரச படை தங்கவைத்தது இந்த ஆலயத்தில்தான். உள்ளே இடம் போதாமல் பலர் வெளியே இரவைக் கழித்தனர். இருளில் ஒரு படைவீரன் ஒரு பெண்ணைப் பிடித்து இழுக்க, உடனிருந்த ஒருவர் எதிர்த்துப் பாய, ‘ஆயுதம் வைத்திருக்கிறார்கள்’ என்று கூக்குரல் எழுந்தது. விடியுமுன் அங்கிருந்த பெண்களுள் பெரும்பாலோர் வெட்டி வீழ்த்தப்பட்டனர். இதை நமக்கு எழுதி வைத்தவர்கள் அக்காலத்து ஸ்பானிய வரலாற்றாசிரியர்களே.

கிளர்ச்சி உட்பூசலாலும் நசிந்தது. இப்னு உமையாவை 1569-இல் தம்மவர்களே கொன்றனர். அவருக்குப் பின்வந்த இப்னு அப்பூவும் 1571-இல் பெர்ச்சூலெஸ் ஊருக்கருகில் அவ்வாறே மாண்டார். அதற்குமுன், 1570 நவம்பரிலேயே கிரனடா நாட்டு மோரிஸ்கோக்களை வேரோடு பெயர்க்கும் ஆணை நிறைவேறத் தொடங்கிவிட்டது. எண்பதாயிரம் பேர் அளவில், குளிர்காலத்தில், வடக்கே கஸ்தீலியாவுக்கு நடத்திச் செல்லப்பட்டனர். வழியில் இறந்தோர் பலர். எஞ்சியோரும் 1609-க்கும் 1614-க்கும் இடையில் நாட்டைவிட்டே துரத்தப்பட்டனர். இன்று மக்கள் இன்பத்திற்காகப் பல நாள் நடக்கும் இம்மலைப்பாதைகள் மனிதர் விரும்பாமல் நடந்த பாதைகள்.

வெறுமையான ஊர்களில் கலீஸியா, லியோன் முதலிய தூரப் பகுதிகளிலிருந்தும் அருகிலிருந்தும் குடியேற்றக்காரர் கொண்டுவரப்பட்டனர். அவர்களுக்கு மழையை நம்பி உழத் தெரியும். இந்தப் படிக்கட்டு வயல்களுக்கு எந்நேரம் எம்மடையைத் திறப்பது என்பது தெரியாது. அதைக் கற்பிக்க ஊருக்கு இரண்டு மோரிஸ்கோ குடும்பங்கள் நிறுத்திவைக்கப்பட்டன என்று அப்பகுதியில் இன்றும் சொல்வர். வயல், மரம், நீர்முறை ஆகியவற்றைப் பதிந்து எழுதப்பட்ட அக்காலத்துப் பங்கீட்டுப் பதிவேடுகள் இன்றும் உள்ளன. பள்ளிவாசல் ஆலயமாயிற்று, பெயர்கள் மாறின, பட்டுத்தொழிலும் நொடித்துப்போயிற்று. நீர் ஓடும் வழியை மட்டும் வென்றவர்களால் மாற்ற இயலவில்லை. அவ்வழியை மாற்றியிருந்தால் அவர்களே பசித்திருப்பர்.

அண்மை ஆண்டுகளில் நாட்டுப்புறத்தார் நகரங்களுக்குப் போய்விட, பல உயர்வாய்க்கால்கள் தூர்ந்தன. கீழேயுள்ள ஊற்றுகளும் வற்றின. இப்பொழுது கிரனடாப் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் தன்னார்வலர்களும் மண்வெட்டியுடன் ஏறி அவற்றைத் தூர்வாரி வருகின்றனர். நானூற்றைம்பது ஆண்டுகளுக்குமுன் விரட்டப்பட்டவர்களின் அறிவைத் தேடித்தான் அவர்கள் மலை ஏறுகின்றனர்.

காதியார் ஊரைக் கடந்தபின் பாதை மீண்டும் ஏறுகிறது. கொந்திராபியேசா என்னும் வறண்ட தொடர் அது. வாதுமை, அத்தி, திராட்சை. அதன் முகட்டில் நின்றால் பின்னே பனிமலை, முன்னே கடல். தெளிந்த நாளில் கடலுக்கப்பால் ஆப்பிரிக்க மலைகளும் தெரியும். அங்கிருந்து அல்புஞோல் வழியாக, வறண்ட ஆற்றுப்படுகையோடு இறங்கினால் லா ராபித்தா என்னும் கரையூர். ‘ரிபாத்’, ‘ராபிதா’ என்னும் அரபுச் சொற்களை அறிந்த நமக்கு இப்பெயருக்கு உரை வேண்டியதில்லை. இக்கரையோரமாகக் கிழக்கே சென்றால் ஆத்ரா துறைமுகம். அரசிழந்து மலையடிவாரத்தில் சிலகாலம் வாழ்ந்த அபூ அப்துல்லாஹ், மனைவியை இழந்த அதே 1493-ஆம் ஆண்டில், இங்கிருந்துதான் கப்பலேறி மொரோக்கோ சென்றார்.

கரும்பு விளைந்த அக்கரையில் இன்று கண்ணுக்கெட்டிய தூரம் பிளாஸ்டிக் கூடாரங்கள். ஐரோப்பாவின் சந்தைகளுக்குத் தக்காளியும் வெள்ளரியும் இங்கிருந்து போகின்றன. கூடாரத்தின் வெப்பத்தில் குனிந்து உழைப்பவர்களில் மொரோக்கோக்காரர் ஏராளம். அபூ அப்துல்லாஹ் சென்ற கடலை எதிர்த்திசையில் கடந்து வந்தவர்கள். அவர்கள் தம் ஊர் வாய்க்காலை ‘ஸாக்கியா’ என்கின்றனர். நிலத்துக்காரர் ‘அஸேக்கியா’ என்கிறார்.