காதுமடலில் பதித்த மருந்து

அமெரிக்க இறைச்சிமாட்டுத் தொழிலில் ஹார்மோன் வேரூன்றியபோது, அது தசையில் என்ன செய்கிறது என்பதற்கான விளக்கம் எவரிடமும் முழுமையாக இருக்கவில்லை. 1938-இல் லண்டனில் சார்லஸ் டாட்ஸ் குழுவினர் ஈஸ்ட்ரோஜன் என்னும் பெண்பால் ஹார்மோனின் வேலையைச் செய்யும் டைஎத்தில்ஸ்டில்பெஸ்ட்ரால் என்ற செயற்கைச் சேர்மத்தை உருவாக்கினர். வாய்வழி கொடுத்தாலும் செயல்படுவதும் மலிவாகக் கிடைத்ததும் அதைப் பண்ணைவரை கொண்டுசென்றன. 1940களின் இறுதியில் இந்தியானாவின் பர்டூ பல்கலைக்கழகத்தில் அதனைக் கிடேரிகளின் தோலடியில் சிறு மாத்திரைகளாகப் பதித்தபோது எடை விரைவாகக் கூடிற்று; கூடவே வாலின் அடிப்பகுதி மேலெழும்பி இடுப்பு தொய்ந்த உருக்குலைவும் தோன்றியது. அயோவா மாநிலக் கல்லூரியில் வைஸ் பரோஸ் நாளொன்றுக்கு வெறும் 10 மில்லிகிராமைத் தீவனத்தில் கலந்து கொடுத்து, அளவைக் குறைத்தும் பயன் பெறலாம் என்று காட்டினார். 1954-லேயே அமெரிக்க அரசின் அனுமதியும் கிடைத்தது. 1956-இல் ஈஸ்ட்ரடையாலும் புரொஜெஸ்டிரோனும் சேர்ந்த பதிமாத்திரைகளும் விற்பனைக்கு வந்தன.

மாத்திரையைக் காதுமடலின் பின்புறத்தில், தோலுக்கும் குருத்தெலும்புக்கும் இடையே, தடித்த ஊசியால் செலுத்தினர். மருந்து மாதக்கணக்கில் சிறிது சிறிதாகக் கசிந்து இரத்தத்தில் கலக்கும். அறுக்கும்போது காது கழித்தெறியப்படுவதால் எஞ்சிய மருந்து உணவில் சேராது. சாதுவாக இருக்கட்டும் என்று காயடித்த காளையிடமிருந்து பறித்த ஹார்மோனின் ஒரு பங்கை மாத்திரையாகத் திருப்பித் தருவதே இம்முறை எனில் மிகையாகாது.

தசை நார்களின் எண்ணிக்கை பிறக்கும்போதே ஏறக்குறைய முடிவாகிவிடுவதால், பின்னர் நிகழும் வளர்ச்சி நார்கள் பருப்பதால் வருவதேயாகும். பருக்கும் நாருக்குப் புதிய உட்கருக்கள் தேவைப்படுகின்றன. அவற்றை வழங்குபவை நாரின் மேலுறையோடு ஒட்டிக்கிடக்கும் துணைச்செல்கள் என்பதற்கு, 1961-இல் அலெக்சாண்டர் மௌரோ தவளைத் தசையில் மின்னணு நுண்ணோக்கியால் அச்செல்களைக் கண்டதே தொடக்கமாயிற்று. ஈஸ்ட்ரோஜன் வளர்ச்சி ஹார்மோனையும் அதன்வழிச் செயல்படும் ஐஜிஎஃப்-1 என்னும் புரதத்தையும் பெருக்கி இச்செல்களைப் பல்கச் செய்கிறது என்பதும், 1987-இல் அனுமதி பெற்ற டிரென்போலோன் என்ற ஆண்பால் ஹார்மோன் போலி, தசைப் புரதம் சிதைவதைக் குறைக்கிறது என்பதும் பின்னரே தெளிவாயின. உண்ட தீவனம் கொழுப்பைவிடத் தசையாகவே மிகுதியும் மாறுவதால் செலவு குறைகிறது. ஆனால் சுவை விரும்புவோர் தேடும், தசைக்குள் இழையோடும் கொழுப்பும் குறைகிறது என்பதை விற்பனையாளர் உரக்கச் சொல்வதில்லை.

முதல் மருந்தான டைஎத்தில்ஸ்டில்பெஸ்ட்ராலின் வீழ்ச்சி மருத்துவமனையிலிருந்து வந்தது. கருவுற்றிருந்தபோது அதனை உட்கொண்ட தாய்மாரின் மகள்களிடம் அரிய வகைப் புற்றுநோய் தோன்றுவதை 1971-இல் பாஸ்டன் மருத்துவர்கள் அறிவித்தனர். நீண்ட வழக்குகளுக்குப் பின் 1979-இல் கால்நடைகளுக்கு அது தடைசெய்யப்பட்டது. பிற ஹார்மோன்கள் அமெரிக்காவில் தொடர, ஐரோப்பியச் சமூகம் 1989 முதல் அவற்றால் வளர்த்த மாட்டின் இறைச்சி இறக்குமதிக்குத் தடை விதித்தது. உலக வர்த்தக அமைப்பின் மேல்முறையீட்டு மன்றம், போதிய இடர் மதிப்பீடு இல்லை என 1998-இல் ஐரோப்பாவுக்கு எதிராகத் தீர்ப்பளித்தும் தடை நீங்கவில்லை. அமெரிக்கா 1999-இல் ரோக்ஃபோர்ட் பாலாடைக்கட்டி உள்ளிட்ட பொருள்கள்மீது 100 சதவீதத் தண்டனை வரி விதித்தது. 2009-இல் எட்டிய உடன்பாட்டின்படி, ஹார்மோன் தராது வளர்த்த மாடுகளின் இறைச்சிக்கே ஐரோப்பா சலுகை ஒதுக்கீடு அளித்தது.